பெயரை மட்டும் மாற்றிய செய்தி

ஜூலை 5, வெள்ளி

காலையிலிருந்தே கச்சான் காற்று. மேசையில் தாள் நிற்கவில்லை. பழைய பூட்டு ஒன்றைப் பாரமாக வைத்து எழுதி முடித்தேன். 11.40க்குக் கட்டுரை போயிற்று. 1,150 சொல். பத்திரிகை ஆசிரியர் கேட்டது 900. வெட்டட்டும்.

பொருள்: சாந்தினி ரீச்சரின் இடம். உட்துறைமுகப் பக்கம், முன்பு ஐஸ் போட்டு மீன் அடுக்கிய கட்டடம். கணித ஆசிரியையாக இருந்து வேலையை விட்டவர். ஒன்பது பிள்ளைகள், பதின்மூன்றிலிருந்து பதினேழு வரை. மணி இல்லை. பாட அட்டவணை இல்லை. தனக்கு எது தெரியவேண்டுமோ அதை ஒவ்வொரு பிள்ளையும் கொப்பியில் கேள்வியாக எழுதவேண்டும், விடையைத் தானே தேடவேண்டும். பெரியவர்கள் கேட்டால்தான் வாய் திறப்பார்கள். வெள்ளி பின்னேரம் வட்டமாக இருந்து, அந்தக் கிழமை கண்டதையும் பிழைவிட்டதையும் சொல்வார்கள்.

ஊர் வைத்த பெயர் சும்மாப் பள்ளிக்கூடம். பிள்ளைகள் அதையே பெயின்ற்றால் சுவரில் எழுதிவிட்டார்கள்.

முதல் நாள் எனக்கு நம்பிக்கை வரவில்லை. மூன்று கிழமை போனேன். இரண்டு பேர் உண்மையாகவே சும்மாதான் இருந்தார்கள். அதையும் எழுதியிருக்கிறேன்.

கட்டுரையின் நடுவில் நிரோஜா. உப்புவெளி, மீனவர் தவராசாவின் மகள். ஐந்து மாதமாக ஒரே எஞ்சினைக் கழற்றிப் பூட்டுகிறாள். படகுக்குப் பின்னால் பூட்டுகிற 15 குதிரைவலு, யாரோ கைவிட்டது. அவளுடைய கொப்பியிலிருந்து:

1. எஞ்சின் குளிராய் இருந்தால் ஏன் முதல் இழுவையில் பத்திக்கொள்ளாது?
2. பெற்றோலில் ஒயில் கூடினால் புகை. குறைந்தால்? (பிஸ்டன் இறுகும். செய்து பார்க்கக் கூடாது.)
3. ஒரு காதால் கேட்டால் சத்தம் எந்தப் பக்கம் என்று ஏன் தெரியவில்லை?

மூன்றாவதுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு நடுவில் இருந்தாள். இம்ரான், கிண்ணியாப் பெடியன், 16, பால்மாத் தகரத்தைத் தட்டிக்கொண்டு சுற்றி நடந்தான். அவள் திசையைக் கையால் காட்டினாள். நாற்பதில் இருபத்தெட்டுப் பிழை. தலையைத் திருப்பலாம் என்று வைத்து இன்னொரு நாற்பது. பதினொன்று பிழை. முடிவை எழுதியிருக்கிறாள்: 'தலையைத் திருப்பினால் ஒரு காதும் காணும், மற்றது இல்லாமல் சமாளிக்கலாம்.'

இடது காது போனது பெப்ரவரியில். பாடசாலையில் விளையாட்டுக்கும் ஒழுக்கத்துக்கும் ஒரே ஆசிரியர், பிள்ளைகளுக்கு பி.ரீ. சேர். பிந்தி வந்தாள் என்று அறைந்தார். ஒரே அறை. சட்டைக் கொலரில் இரத்தம். அடுத்த நாளிலிருந்து அவள் போகவில்லை. இதுவும் கட்டுரையில் உண்டு.

வீட்டார் முறைப்பாடு செய்யவில்லை. பாடசாலையும், பிள்ளை வரவில்லை என்று மேலே அறிவிக்கவில்லை. பேசிச் செய்த ஒப்பந்தம் அல்ல. இரண்டு பக்கமும் வாயை மூடியதில் தானாக வந்தது. சட்டப்படி பதினாறு வரை பள்ளிக்கூடம் போயாக வேண்டும். ஓகஸ்ட் 19 அவளுக்குப் பதினாறு. அதுவரை இந்த மௌனம் தாங்கினால் அந்த வாசலுக்குள் அவளை யாரும் திருப்பி அனுப்ப ஏலாது.

சா. ரீச்சர் போன கிழமை கேட்டார்: "இன்னும் ஒண்டரை மாசம்தானே ஐயா. அதுக்குப் பிறகு முழுப்பேரோட எழுதுங்கோ."

இந்த ஞாயிறு அரைப்பக்கம் காலி என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். பெயரை மாற்றுகிறேன், ஊரும் பாடசாலையும் இல்லை, முப்பது வருடம் இப்படித்தான் எழுதுகிறேன், ஒருவரும் பிடிபட்டதில்லை என்று ரீச்சருக்குச் சொன்னேன்.

மின்விசிறி மறுபடி சத்தம். ஆள் பிடிக்கவேண்டும்.

ஜூலை 7, ஞாயிறு

வந்துவிட்டது. வெட்டவில்லை. படம்: எஞ்சின் மேல் இரண்டு கை மட்டும்.

மனைவி கமலா இடியப்பத்தை வைத்துவிட்டு நின்றபடியே வாசித்தார். பிறகு ஒரு வரியைச் சத்தமாக: 'கவிதா (பெயர் மாற்றப்பட்டுள்ளது) இடது காதால் கேட்பதில்லை. வலது காதை எஞ்சினில் வைத்தே அதன் பழுதைச் சொல்லிவிடுகிறாள்.'

"திருகோணமலையில போட் எஞ்சின் கழட்டுற பொம்பிளைப்பிள்ளை எத்தினை? அதில இடது காது கேளாதது எத்தினை?"

கேட்டுவிட்டு அவர் குசினிக்குள் போய்விட்டார். முப்பத்திரண்டு வருடத்தில் என் பிழையை இவ்வளவு குறைந்த சொல்லில் எந்தப் பத்திரிகை ஆசிரியரும் காட்டியதில்லை.

யோசித்துப் பார்த்தேன். யுத்த காலத்தில் பெயரை மறைத்தால் ஆள் மறைந்தார். காயங்கள் எல்லாருக்கும் ஒன்றுபோல. கால் போனவர், மகன் காணாமற் போன தாய், எரிந்த வீடு: ஊருக்கு நூறு. மற்றதையெல்லாம் எவ்வளவு சரியாக எழுதினாலும் ஒருவருக்கும் தீங்கில்லை. அந்தப் பழக்கம் கையில் ஊறிவிட்டது. இந்தக் காது ஊருக்கு ஒன்றுதான்.

8.30, பஸ் நிலையத்துத் தேத்தண்ணிக் கடை. வெளியே தெருவில் திரியும் மான்கள் மூன்று, வாழைப்பழத் தோலுக்கு. உள்ளே மீன் ஏற்றி வந்த இரண்டு பேர், என் பக்கம் முதுகு.

"இது எங்கட தவராசாவின்ர பெட்டை எல்லோ."

"அப்ப காது சேர் அடிச்சதே? கிணத்தடியில விழுந்தது எண்டெல்லோ தவராசா சொன்னவன்."

"பேப்பரில பொய் போடுவினமே?"

இந்தக் கடையில் என் பத்திரிகையை ஒருவர் நம்பி நான் கேட்டது இதுதான் முதல் தரம்.

ரீச்சருக்கு மூன்று முறை போன் அடித்தேன். நான்காவதில் எடுத்தார். திட்டவில்லை. நாளைக்கு வரமுடியுமா என்று மட்டும் கேட்டார்.

ஜூலை 8, திங்கள்

நேர ஒழுங்கில் எழுதி வைக்கிறேன். பிறகு மாறிவிடும். கையெழுத்து சரியில்லை.

9.05 போய்ச் சேர்ந்தேன். ரீச்சர் அடுப்பில் தண்ணீர் வைத்திருந்தார். பிள்ளைகள் எட்டுப் பேர். நிரோஜா எஞ்சினோடு. என்னைப் பார்த்துவிட்டுத் திருகாணியை எடுத்தாள்.

9.20 இரண்டு மோட்டார் சைக்கிள், ஒரு ஓட்டோ. ஏழு பேர். நான்கு பேர் தலையில் ஹெல்மெற்றோடே உள்ளே வந்தார்கள். முன்னால் வந்தவருக்கு ஹெல்மெற் இல்லை: பி.ரீ. சேரின் தம்பி. மற்றவர்கள் பழைய மாணவர்கள் என்று பிறகு தெரிந்தது. வந்ததும் மரியாதையாகத்தான் கேட்டார்.

"எது அந்தக் காது கேளாதது?"

ஒருவரும் சொல்லவில்லை. நிரோஜா மட்டும் தலையைத் திருப்பினாள். அடையாளத்துக்கு அவர்களுக்கு அது காணும்.

இம்ரான் இடையில் போய் நின்றான். சுவரில் சாத்தியிருந்த துடுப்பை ஒருவர் எடுத்தார். முதல் அடி தோளில். இரண்டாவதை இடது கையால் தடுத்தான். எலும்பு உடைந்த சத்தம் நான் நின்ற இடத்துக்குக் கேட்டது. ஈர விறகு முறிவது போல. அவன் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டான்.

தம்பிக்காரர் நிரோஜாவின் பின்னலைக் கையில் சுற்றிப் பிடித்தார். அவள் மணிக்கட்டைக் கடித்தாள். விடவில்லை. அவளுடைய இடது காதில் வாயை வைத்துக் கத்தினார்: "இப்ப கேக்குதே? இப்ப கேக்குதே?" மூன்று முறை. மற்றவர்கள் சிரித்தார்கள். பிறகு அவள் தலையை மறுபக்கம் திருப்பிக் கையை ஓங்கினார்.

"மற்றதையும் அடைச்சு விடுவம்."

சா. ரீச்சர் கேத்திலோடு வந்தார். கொதித்த தண்ணீர். ஓங்கிய கையில் முழங்கை வரை. தோல் அப்போதே வெளுத்தது. பின்னலை விட்டார்.

அதற்குப் பிறகு பொருட்கள். எஞ்சினை மூன்று பேர் இழுத்துக்கொண்டுபோய்ப் பாலத்தடியில் கடலுக்குள் தள்ளினார்கள். போகும்போது ஒருவர் என்னைச் சுவரோடு அழுத்தி, "நீதானே எழுதினது? இதையும் எழுது" என்றார். வயது இருபத்திரண்டு இருக்கும்.

9.27 போய்விட்டார்கள்.

உடைந்தவை: யன்னல் கண்ணாடி ஆறு. கரும்பலகை. தையல் மெஷின். கொப்பிகள் வடிகானுக்குள் (ஐந்து எடுத்தோம், நான்கு போய்விட்டது). இம்ரானின் இடது முன்கையில் இரண்டு எலும்பும்.

நான் செய்தது: நின்றேன். ஒவ்வொன்றுக்கும் நேரம் என்னிடம் இருக்கிறது. மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஜூலை 9, செவ்வாய்

பொலிஸ். எங்களுக்கு முன்பே வெந்த கைக்காரர் முறைப்பாடு கொடுத்துவிட்டார். சார்ஜன்ட் என் கட்டுரையை மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருக்கிறார். பதிவில்லாமல் பள்ளிக்கூடம் நடத்தியது, கொதிதண்ணீர் ஊற்றியது என்று ரீச்சரில் இரண்டு குற்றச்சாட்டு. எங்கள் முறைப்பாட்டை எழுதக் கொப்பி முடிந்துவிட்டதாம். வேறு கொப்பி வர ஒரு மணி நேரம்.

"உங்கட சும்மாப் பள்ளிக்கூடத்தில சுடுதண்ணியும் ஒரு பாடமோ ரீச்சர்?"

ரீச்சர் சிரிக்கவில்லை. "கேட்டாத்தான் சொல்லிக் குடுக்கிறது. அவர் கேட்டவர்."

ஆஸ்பத்திரி. இம்ரானுக்கு மாவுக்கட்டு. தகப்பன் கிண்ணியாவில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், வெள்ளைச் சாரம், மெல்லிய குரல். ரீச்சருக்கு எழும்பிக் கதிரை கொடுத்தார். "உங்களில குறையில்ல ரீச்சர். புள்ள ஒங்களுக்கிட்ட வந்த பொறகுதான் வாய் தொறந்தான். ஆனா இனி அனுப்பமாட்டன். உம்மா ரெண்டு நாளாச் சாப்பிடல்ல." எனக்கு ஸலாம் சொல்லவில்லை.

பின்னேரம் 3 மணி, உப்புவெளி. மன்னிப்புக் கேட்கப் போனேன். தவராசா படகின் நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டும் கை நிற்கவில்லை. பக்கத்தில் நைலோன் கயிறு, பெருவிரல் மொத்தம், ஒரு முனையில் முடிச்சு. அதைப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

உள்ளே நிரோஜா பாயில் குப்புறக் கிடந்தாள். தாய் இந்திரா முதுகுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். சட்டை மேலே ஏறியிருந்தது. நான் பார்வையை எடுத்துக்கொண்டேன். ஆனாலும் எண்ணிவிட்டேன்: பதினொரு தழும்பு.

தவராசா சொன்னது அநேகமாக இப்படி. மகளுக்கு விழுந்த அந்த அறையை அவர் மறக்கவில்லை. வாயை மூடியது பயத்தினால் அல்ல, பதினாறு வரட்டும் என்றுதான். இன்று காலை பாடசாலை அதிபர் ஆள் அனுப்பியிருக்கிறார். வியாழன் 7.30 காலைக் கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் அவள் சேரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். கேட்டால் வகுப்பில் சேர்ப்பார்கள், வராத மாதங்களைப் பற்றிப் பேச்சில்லை, தம்பிக்காரரும் ரீச்சரில் போட்ட முறைப்பாட்டை எடுப்பார். கேட்காவிட்டால் எல்லாம் மேலே போகும்: பிள்ளையை அனுப்பாத வழக்கு, ரீச்சருக்கு மறியல், சிறைக்கம்பிக்குள்.

"நீங்களும் எழுதவேணும், அண்ணை. காது விழுந்து போனது, பேப்பரில வந்தது பிழை எண்டு."

மகளை ஏன் அடித்தார் என்று கேட்டேன்.

"மன்னிப்புக் கேக்கிறன் எண்டு சொல்லச் சொன்னனான். சொல்லும்வரை அடிச்சனான்."

"சொன்னவளோ?"

ஊசியை வலைக்குள் விட்டு இழுத்தார். "இல்லை."

ஜூலை 10, புதன்

6.10க்குக் கடலில் ஒரு வெடி, 6.14க்கு இன்னொன்று. டைனமைற் மீன்பிடி. கோப்பைகள் ஆடின. எனக்கு இன்னும் கால் தானாக யன்னலை விட்டு விலகுகிறது.

திருத்தம் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தரம்: 'சிறுமியின் காது விபத்தொன்றில் பாதிக்கப்பட்டதாகப் பெற்றோர் தெரிவிக்கின்றனர்.' இது பொய்யல்ல, பெற்றோர் அப்படித்தான் தெரிவிக்கிறார்கள். இந்த மாதிரி வசனம் எழுதித்தான் பல காலம் உயிரோடிருந்தேன்.

அனுப்பவில்லை. எழும்பிப் பி.ரீ. சேரின் வீட்டுக்குப் போனேன். எதிர்த் தரப்பைக் கேட்காமல் எழுதியது இரண்டாவது பிழை. ஐந்து நாள் பிந்தியாவது கேட்போம் என்று.

பூங்கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். என் வயதில் பாதி. கதிரை போட்டார், தேத்தண்ணி வந்தது. மறுக்கவில்லை. "ஒரு அடி, ஐயா. அதுவும் கையால. பிரம்பு கூட இல்ல." வலது சின்ன விரலைக் காட்டினார், வளைந்து போயிருக்கிறது. அவர் படிக்கும்போது வாத்தியார் அடிமட்டக் கோலால் முறித்தது. அந்த வாத்தியாரின் செத்த வீட்டில் இவர் பாடை தூக்கினாராம். அந்த அடியால்தான் இன்று உத்தியோகம், வீடு. எதைப் படிப்பது என்று பதினைந்து வயதுக்குத் தெரியாது. விட்டால் கடற்கரையில் போதைத்தூளோடு நிற்குமாம்.

"உங்கட ரீச்சர் அதுகளைக் கேள்வி கேக்க விடுறா. நான் மனிசராக்கிறன்."

தம்பி செய்ததைப் பற்றிக் கேட்டேன். அது கோபத்தில் நடந்தது, தனக்குத் தெரியாது என்றார். நம்புகிறேன். தெரிந்திருந்தால் முறையாகச் செய்திருப்பார்.

அவருடைய மகள் படியில் இருந்து எழுதிக்கொண்டிருந்தது, ஏழு வயது இருக்கும். அவர் கோப்பையை எடுக்கக் கை நீட்டினார். பிள்ளை தோளை உயர்த்தித் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. அவர் கவனிக்கவில்லை. திருத்தம் எப்போது வரும் என்று கேட்டார்.

வீடு. மறுபடி மேசை. ஒரு பக்கத்தில் ரீச்சர் மறியலுக்குப் போவார், இன்னொரு பக்கத்தில் ஒரு வசனம். ஒரு வசனம்தானே.

4.40க்குத் திருத்தத்தை அனுப்பிவிட்டேன். ஞாயிறு வரும். கமலாவுக்குச் சொல்லவில்லை.

ஜூலை 11, வியாழன்

6.50. வாசல் கேற் உதைபட்ட சத்தம். தவராசா.

விடிய ஐந்து மணிக்குப் பாயில் அவளைக் காணவில்லையாம். வெள்ளைச் சீருடையும் இல்லை. நான் ஒளித்து வைத்திருக்கிறேன் என்று அறையறையாகப் பார்த்தார், அலுமாரியைக்கூட. திரும்பி வந்து சட்டையைப் பிடித்தார். முதல் குத்து வாயில். இரண்டாவதில் கண்ணாடி உடைந்து புருவத்தில் ஏறியது. விழுந்த பிறகு விலாவில் ஒரு உதை. ஐம்பது வயது, வலை இழுத்த கை. அடித்துக்கொண்டே அழுதார். "ஏழரைக்குக் கூட்டம். ஏழரைக்குக் கூட்டம்." அதையே திருப்பித் திருப்பி.

கமலா உலக்கையைத் தூக்கிக்கொண்டு, "டேய், வெளிய போடா" என்றார். என் வீட்டில் அந்தச் சொல்லைக் கேட்டது இதுதான் முதல் தரம். போனார்.

புருவத்துக்கு மூன்று தையல் தேவைப்பட்டது. ஆஸ்பத்திரியில் அதைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே ரீச்சரின் போன்: எங்கே நிற்கிறீர்கள், நிரோஜா ஆஸ்பத்திரியில். நானும் அங்கேதான் என்றேன்.

நடந்தது, தாதி சொன்னபடி. முதல் பஸ்ஸில் தனியாக வந்திருக்கிறாள். ஆறு மணிக்கு வெளிநோயாளர் பிரிவில் துண்டு எழுதுபவரிடம், அடி வாங்கியதைச் சொல்வது எந்த யன்னலில் என்று கேட்டிருக்கிறாள். யாரும் கூட வரவில்லையா என்றதற்கு இல்லை. எதற்கு அவசரம் என்றதற்கு, ஏழரைக்கு முன்னால் எழுதி முடிக்கவேண்டும். வைத்தியர் காதைப் பார்த்தார்: சவ்வு கிழிந்து மாதக்கணக்கு, உள்ளே சீழ். பிறகு முதுகு. அடிகாயம் என்றால் ஆஸ்பத்திரிப் பொலிஸுக்குச் சொல்லியாக வேண்டும், சொன்னார்கள்.

நான் போனபோது கொன்ஸ்டபிள் கட்டில் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார். தமிழ் பேசுகிற நல்ல மனிதர், தலை நரைத்தவர். காதுக்கு சேரின் பெயரை எழுதிவிட்டார். திங்கட்கிழமைக்குத் தம்பிக்காரரின் பெயரையும். முதுகுக்கு வந்ததும் பேனையை மூடினார்.

"அப்பாவை விடுவம், பிள்ளை. உள்ள போனா வீட்டில ஆர் உழைக்கிறது? காது மட்டும் காணும் கேசுக்கு."

நிரோஜா தலையைத் திருப்பி வலது காதைக் கொடுத்தாள். அவர் இன்னொரு தரம் சொன்னார். அவள் அவசரப்படவில்லை.

"முதுகு விழுந்து வந்தது எண்டு எழுதினா, காதும் விழுந்து வந்தது எண்டுதான் சொல்லுவினம். ரெண்டையும் எழுதுங்கோ. இல்லாட்டி ஒண்டையும் எழுத வேண்டாம்."

அவர் எழுதினார்.

ரீச்சரை வெளியே கேட்டேன், நீங்கள் சொல்லி அனுப்பியதா. இல்லை. போன ஞாயிறுக்குப் பிறகு நிரோஜாவோடு தனியாக ஒரு சொல் பேசக் கிடைக்கவில்லை என்றார்.

11.15. நடைபாதையில் நின்று ஆசிரியருக்குப் போன். திருத்தத்தை எடுக்கச் சொன்னேன். பக்கம் கட்டியாயிற்றாம். பொய் என்றேன். எது, கட்டுரையா திருத்தமா? திருத்தம். நேற்று ஏன் அனுப்பினீர்கள்? எடுத்துவிடுங்கள் என்று மறுபடி சொன்னேன். எடுத்துவிடுவதாகச் சொன்னார். வீங்கிய வாயால் பேசியது அவருக்குப் பாதி விளங்கியிருக்காது.

தவராசாவில் நான் முறைப்பாடு செய்யவில்லை. கொன்ஸ்டபிள் என் நெற்றியைப் பார்த்துக் கேட்டார். கேற்றில் இடிபட்டது என்றேன். சொன்ன பிறகுதான் அவளைப் பார்த்தேன். அவள் மறுபக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கேட்டிருக்காது.

ஜூலை 12, வெள்ளி

நீதிமன்றம். சிறுவர் வழக்கு, நிருபர்களுக்கு இடமில்லை. பின்வருவது ரீச்சர் சொன்னது.

சேருக்கு இரண்டு சட்டத்தரணிகள், தம்பிக்காரருக்கு ஒருவர். இருவருக்கும் பிணை. ரீச்சருக்கும் பிணை. தவராசாவுக்குச் சட்டத்தரணி இல்லை. நீதவான் கேட்டதும், "ஓம் ஐயா, அடிச்சனான். கயித்தால" என்றிருக்கிறார். எத்தனை தரம் என்றதற்கு, எண்ணவில்லை. 26ஆம் திகதி வரை விளக்கமறியல்.

நிரோஜா அந்தப் பாடசாலைக்குப் போகத் தேவையில்லை. தாயோடு கிளிவெட்டியில் சின்னம்மா வீட்டில் இருக்கவேண்டும். பதினாறு வரை அங்குள்ள பாடசாலைக்குப் போகவேண்டும். அதற்குப் பிறகு அவளுடைய விருப்பம். முப்பத்தெட்டு நாள். நீதவான் விளங்கியதா என்றதற்கு, பிந்தி வந்தால் அங்கே என்ன செய்வார்கள் என்று கேட்டிருக்கிறாள். நீதவான் ஒரு கட்டளை சேர்த்து எழுதினாராம்: எவரும் கை வைக்கக் கூடாது.

வெளியே மதிலில் பழைய மாணவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். ரீச்சர் வந்ததும் கேத்தில் கொதிக்கிற மாதிரி விசிலடித்தார்கள். சிறைச்சாலை வண்டி கிளம்பும்போது இந்திரா கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சத் தூரம் ஓடினார். செருப்பு ஒன்று கழன்றது. எடுத்துக் கொடுத்தேன். என் கையிலிருந்து வாங்கவில்லை. நிலத்தில் வைக்கும்வரை நின்று, பிறகு போட்டுக்கொண்டார்.

ஐஸ் கட்டடத்தைச் சொந்தக்காரர் பூட்டிவிட்டார். பின்னேரம் அந்த வழியால் வந்தேன். கடற்சுவரில் ஐந்து பிள்ளைகள், மடியில் கொப்பி. வெள்ளிக்கிழமை.

ஜூலை 14, ஞாயிறு

காற்று விழுந்துவிட்டது. புழுக்கம். திருத்தம் வரவில்லை, அந்த இடத்தில் சவர்க்கார விளம்பரம்.

10.30 பஸ், மூதூரில் மாறி, கிளிவெட்டி 1 மணி. ரீச்சர் வழி எழுதித் தந்திருந்தார். இந்திரா முற்றத்தில் அவித்த நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டும் கால் நிற்கவில்லை.

நிரோஜா உள்ளே மேசையில் வெள்ளைச் சீருடையை அயன் பண்ணிக்கொண்டிருந்தாள். நாளைக்குப் புதுப் பள்ளிக்கூடம். முதுகு வலிப்பதால் நின்றபடிதான் எல்லாம் செய்கிறாள். வகுப்பில் நாள் முழுக்க இருக்கவேண்டும், அது எப்படி என்று தெரியவில்லை என்றாள். காதுக்கு மருந்து விடுகிறார்கள். அந்தச் சவ்வு வளருமா என்று வைத்தியரைக் கேட்டிருக்கிறாள். சில பேருக்கு வளருமாம்.

நான் ஒத்திகை பார்த்து வந்த மன்னிப்பைச் சொன்னேன். பாதியில் நிறுத்தினாள்.

"இனியும் எழுதுவீங்களோ?"

"பிள்ளை ஓம் எண்டா மட்டும்."

"எழுதுங்கோ. பேரையும் போடுங்கோ. மற்றதெல்லாம் போட்டனீங்கள்தானே."

பதினெட்டு வரை பெயரைப் போடச் சட்டம் விடாது என்று விளக்கினேன். கைப்பட்டியை மடித்து அழுத்தினாள். பிறகு அப்பாவை எப்போது விடுவார்கள் என்று கேட்டாள். 26ஆம் திகதி கொண்டுவருவார்கள், அன்றைக்கு விடலாம், விடாமலும் இருக்கலாம், ஒப்புக்கொண்டபடியால் தண்டனையும் வரலாம் என்றேன். சேருக்கு? வழக்கு முடிய வருடங்கள் போகும், அதுவரை பிணை. தம்பிக்கு? அவருக்கும் பிணை.

அயன்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"அப்ப அப்பா மட்டுமோ உள்ள?"

ஓம் என்றேன். மெல்லத்தான் சொன்னேன்.

முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "கேக்கேல்ல. திருப்பிச் சொல்லுங்கோ."

சத்தமாகச் சொன்னேன். முற்றத்தில் நெல் கிளறிய கால் நின்றது.